கடற்கரையில் திரை கட்டி ஃபுட்பால் உலகக் கோப்பை: தோஹா, துபாய் ஆட்களோடு சேர்ந்து பார்க்க முடியுமா?

கீழக்கரைப் பத்து | 9 மே 2026

ஜூன் 11 ஆரம்பம். மணல்ல சவுக்குக் கம்பு நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டி, ஆன்லைன்ல வர்ற "9000 லூமென்ஸ்" புரொஜக்டர் ஒண்ணு வாங்கினா முடிஞ்சது. துபாய், தோஹா, கோலாலம்பூர்ல இருக்கிற நம்ம பசங்களை வாட்ஸ்அப் வீடியோ கால்ல சேர்த்துட்டா எல்லாரும் ஒண்ணாப் பார்க்கலாம். பெரிய வேலை எதுவும் இல்லைங்கிறேன். உப்புக்காற்று காக்கா (அண்ணன்) என்ன சொல்றீங்க?

உப்புக்காற்று | 9 மே 2026

தம்பி, வேட்டி, லூமென்ஸ், வாட்ஸ்அப் மூணும் தப்பு. கம்பு மட்டும் சரி.

உப்புக்காற்று | 10 மே 2026

நேத்து அவசரத்தில் எழுதினேன். இன்னைக்குக் கணக்கோட சொல்றேன்.

முதல்ல வெளிச்சம். 12 அடி அகலத் திரைன்னா உயரம் ஆறே முக்கால் அடி, பரப்பு 81 சதுர அடி. அலுவலகங்களில் இருக்கிற 3300 லூமென்ஸ் புரொஜக்டர் இதுக்குத் தாராளமாப் போதும். விளம்பரத்தில் 9000-னு போடுறது பெரும்பாலும் உள்ளே இருக்கிற எல்இடி-யோட கணக்கு. பெட்டி மேலயோ கையேட்டிலயோ "ஆன்சி லூமென்ஸ்"னு ஒரு எண் இருக்கும், அதைத்தான் பார்க்கணும். எட்டாயிரம் ரூபாய் சாமானில் அது 200 பக்கம்தான் வரும். அந்த வெளிச்சத்தை 81 சதுர அடியில் பரப்பினா பச்சைப் புல்தரை சாம்பல் நிறமாத் தெரியும், பந்து தெரியாது. சினிமாவில் முகம் பெருசா வரும், மங்கலா இருந்தாலும் கண்டுக்கலாம். ஃபுட்பாலில் பந்து திரையில் ஒரு புளியங்கொட்டை அளவு. வாங்காதீங்க, சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட வாடகைக்கு எடுங்க. ஏர்வாடி சந்தனக்கூடு முடிஞ்ச கையோட சொல்லி வச்சா கிடைக்கும்.

வேட்டி ஏன் ஆகாதுன்னா, பாதி வெளிச்சம் பின்னாடி போயிடும். ராமநாதபுரம் ஃபிளெக்ஸ் கடையில் "பிளாக் பேக்" கேளுங்க. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் கறுப்பு. ஒண்ணும் அச்சடிக்காம, சுத்தி ஒரு அடிக்கு ஒரு வளையம் அடிச்சு வாங்கணும். பளபளப்பு இல்லாத ரகமாப் பார்த்து எடுங்க, இல்லைன்னா நடுவில் விளக்கு வட்டம் அப்படியே தெரியும்.

உப்புக்காற்று | 10 மே 2026, இரவு

காற்றை மறந்துட்டேன். ஜூன், ஜூலை நம்ம பக்கம் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசுற காலம். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அந்த 81 சதுர அடி மேல நேராப் பட்டா ஏறக்குறைய 38 கிலோ தள்ளும். 40 ஆனா 38 அம்பது ஆகும்னு நினைக்காதீங்க, 68 ஆயிடும். வேகம் இரண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. இது பாய்மரம், திரை இல்லை.

கட்டுற முறை: கம்பு மணலுக்குள்ள மூணடி இறங்கணும். ஒவ்வொரு கம்புக்கும் முன்னும் பின்னும் இழுகயிறு. முளை அடிச்சா மணல்ல பிடிக்காது. சிமெண்டுச் சாக்கில் மணல் ரொப்பி, கயிறு கட்டி, இரண்டடி ஆழத்தில் புதைச்சு மூடுங்க. மேல் விளிம்பைக் குறுக்குக் கம்போட இறுக்கமாக் கட்டணும். பக்கவாட்டில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினா இழுபட்டுத் திரும்பும், வளையம் கிழியாது. கீழ் விளிம்புக்கு மட்டும் வேணும்னே மெல்லிய சணல். பெருங்காற்று வந்தா அதுதான் முதல்ல அறுபடணும். அறுந்தா திரை கொடி மாதிரிப் பறக்கும், அவ்வளவுதான். அறாம நின்னா கம்போட சாய்ஞ்சு முன்வரிசை ஆள் மேல விழும்.

விளம்பரத் தட்டிக்குச் செய்ற மாதிரி காற்றுப்பொத்தல் போடலாமான்னு கேட்பீங்க. வேண்டாம். படத்தில் கறுப்புக் கீறலாத் தெரியும், அங்கிருந்தே கிழியவும் ஆரம்பிக்கும். காற்று அதிகம்னா 9 அடித் திரைக்கு இறங்குங்க.

தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கஷ்டமா இருந்தா வடகடல் (பாக் வளைகுடா) பக்கம் தேவிபட்டினம், பனைக்குளம்னு போயிடலாம். அங்க கச்சான் காலத்தில் அமைதியா இருக்கும்.

தேவிபட்டினத்தான் | 11 மே 2026

அண்ணே, அமைதியா இருக்கிறது கடல்தான். காற்று அப்படியே இருக்கும். அது தரை வழியா வர்றதால மணலையும் அள்ளிக்கிட்டு வரும். புரொஜக்டர் விசிறிக்குள்ள அந்த மணல் போனா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க.

உப்புக்காற்று | 11 மே 2026

ஒத்துக்கிறேன். அலையைப் பார்த்துக் காற்றை எடை போட்டது என் தப்பு. வடகடல் யோசனையை அடிச்சுடுங்க.

இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. கச்சானுக்கு முதுகு காட்டுற கிழக்குப் பக்கச் சுவரா ஒண்ணு தேடுங்க: மீன் ஏலக்கூடம், கிட்டங்கி, யாராவது புதுசாக் கட்டிப் பூசின வீடு, எதுவானாலும் சரி. கேட்டு, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடிச்சா அதுவே திரை. கயிறு, சாக்கு எதுவும் வேண்டாம். பூச்சு மட்டமா இருக்கணும். கரண்டித் தடம் இருந்தா ஓரக்கோடு வளைஞ்சு தெரியும், அப்புறம் ஒவ்வொரு ஆஃப்சைடுக்கும் சண்டை வரும்.

தோஹா அறைவாசி | 13 மே 2026

எங்களுக்கு எத்தனை மணி, அதை முதல்ல சொல்லுங்க. 2022-ல எல்லாமே வீட்டு வாசல்ல நடந்தது, நேரக்கணக்கே தேவைப்படல.

உப்புக்காற்று | 13 மே 2026

உண்மை. கத்தார் ஆட்டங்கள் நமக்கு மாலை 3.30, 6.30, இரவு 9.30, 12.30-னு சோற்று நேரத்துக்கு வந்தது. அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதிப் போட்டி இரவு 8.30. அந்தக் காலம் போச்சு.

இந்த முறை அமெரிக்கா, மெக்சிகோ, கனடா. மூணு நாடு, 16 ஊர், 104 ஆட்டம். அட்டவணை பெரும்பாலும் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் இருக்கும். ஒன்பதரை மணி கூட்டினா நம்ம நேரம். சவூதி, கத்தாருக்கு நம்மகிட்டேருந்து இரண்டரை மணி கழிக்கணும், அமீரகத்துக்கு ஒன்றரை. மலேசியா, சிங்கப்பூருக்கு இரண்டரை கூட்டணும்.

கிழக்கு நேரம் பகல் 12: நமக்கு இரவு 9.30, தோஹா 7, துபாய் 8, கோலாலம்பூர் 12.
மாலை 3: நமக்கு 12.30, தோஹா 10, துபாய் 11, கோலாலம்பூர் விடிகாலை 3.
மாலை 6: நமக்கு 3.30, தோஹா 1, துபாய் 2, கோலாலம்பூர் காலை 6.
இரவு 9: நமக்கு காலை 6.30, தோஹா 4, துபாய் 5, கோலாலம்பூர் காலை 9.

தேதியில் ஏமாறுறவங்க அதிகம். மெக்சிகோ–தென்னாப்பிரிக்கா தொடக்க ஆட்டம் அட்டவணையில் ஜூன் 11 வியாழன். நமக்கு வெள்ளி பிறந்து அரை மணி கழிச்சு. வெள்ளி ராத்திரி வந்து பாய் விரிக்காதீங்க.

நாலு ஊருக்கும் தோதா இருக்கிறது 9.30, 10.30 ஆட்டங்கள்தான். ஸ்பெயின்–கேப் வெர்டே ஜூன் 15 இரவு 9.30. போர்ச்சுகல் முதல் ஆட்டம் 17-ம் தேதி 10.30. மெஸ்ஸி ரசிகர்களுக்குத்தான் சோதனை: அர்ஜென்டினா–அல்ஜீரியா 17-ம் தேதி காலை 6.30. இங்க ஜூனில் ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் வந்துடும். புரொஜக்டரை மூடிட்டு வீட்டு டிவிதான்.

கீழக்கரைப் பத்து | 13 மே 2026

பிரேசில்–மொராக்கோ 14-ம் தேதி 3.30. இருட்டுதானே காக்கா?

உப்புக்காற்று | 14 மே 2026

முக்கால்வாசி இருட்டு. இந்த உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலயும் 22-வது நிமிஷம் பக்கம் மூணு நிமிஷத் தண்ணீர் இடைவேளை உண்டு, வெயில் இருந்தாலும் இல்லாட்டியும். அதையும் சேர்த்தா 3.30 ஆட்டம் முடிய 5.25, 5.30 ஆகும். கீழ்வானம் 5.15-லிருந்தே வெளுக்க ஆரம்பிக்கும். கடைசிப் பத்து நிமிஷம் மங்கும், அதாவது கோல் விழுற நேரம்.

திரை எந்தப் பக்கம் பார்க்கணும்னா மேற்கு. விடியல் வெளிச்சம் அதன் முதுகில் படட்டும். பிளாக் பேக் இருக்கிறதால முன்னாடி கசியாது.

ஆமா, 11-ம் தேதி கிழக்குப் பக்கச் சுவர்னு எழுதினது நான்தான். அது காற்றுக்குச் சரி, விடியலுக்குத் தப்பு. 9.30, 12.30 ஆட்டத்துக்கு அந்தச் சுவர். 3.30 ஆட்டத்துக்கு மேற்கே பார்த்த திரை, அதுவும் ஏதாவது கட்டட மறைவில், 9 அடி அளவில். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது.

இன்னொண்ணு, சுபுஹு (விடிகாலைத் தொழுகை) பாங்கு அப்ப 4.40 பக்கம். ஆட்டத்தின் இடைவேளையும் கிட்டத்தட்ட அதே நேரம். பாங்குக்கு முன்னாடியே சத்தத்தைக் குறைச்சு வைக்க ஒரு ஆளை நியமிச்சுடுங்க. தொழுதுட்டு வர்றவங்களுக்கு இரண்டாம் பாதியில் முதல் கால் மணி போயிடும். அது அவங்க கணக்கு.

14-க்கு வேற விசேஷமும் இருக்கு. ஏப்ரல் 15-ல் ஆரம்பிச்ச 61 நாள் மீன்பிடித் தடை அன்னைக்கு நள்ளிரவோட முடியுது. விசைப்படகு ஆட்கள் மொத்தமாக் கரையில் இருக்கிற கடைசி ஆட்டங்களில் இது ஒண்ணு. கூட்டம் கூடுதலா வரும், பாய் கூடுதலா எடுத்து வைங்க.

உப்புக்காற்று | 17 மே 2026

இப்ப முக்கியமான விஷயம். எல்லாரும் திரையைப் பத்தியே கேட்கிறாங்க, கூட்டுப் பார்வையைக் கெடுக்கிறது விநாடி.

ஒரே கோல் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போறதில்லை. டிஷ் வழியா வந்தா சாதாரணமா ஐந்திலிருந்து பத்து விநாடி பின்தங்கும். செயலி வழியா இணையத்தில் பார்த்தா 20-லிருந்து 45 வரை. தோஹா அறையில் டிஷ், நம்மகிட்ட செயலின்னா, இங்க பந்து நடுக்கோட்டைத் தாண்டுறப்பவே போன்ல "கோல்"னு அலறல் வந்துடும். அதுக்கப்புறம் திரையில் பார்க்க என்ன இருக்கு?

அளக்கிறது சுலபம். திரை மூலையில் ஓடுற ஆட்டக் கடிகாரம் உலகம் முழுக்க ஒரே படத்தோட வர்றது. தோஹா ஆள் 5:00 வந்ததும் "இப்ப"ன்னு சொல்லணும். நம்ம திரையில் 4:37 இருந்தா 23 விநாடி பின்னாடி இருக்கோம். அவர் தன் செட்டாப் பெட்டியில் 23 விநாடி நிறுத்திட்டு ஓட விடணும். மூணு ஊர்னா கடைசியா வர்ற ஊரோட எல்லாரும் சேரணும். முன்னாடி இருக்கிறவரால நிறுத்த முடியும், பின்னாடி இருக்கிறவரால தாவ முடியாது.

பதிவு வசதி இல்லாத பெட்டியில் நிறுத்தவும் முடியாது. அப்ப டிஷ் ஆளும் செயலிக்கு மாறணும், அல்லது கீழே சொல்ற குரல் பதிவு முறை.

உப்புக்காற்று | 18 மே 2026

ஒருதடவை சரி பண்ணினா போதும்கிற தொனியில் நேத்து எழுதிட்டேன். போதாது. இணையம் ஒருமுறை சுத்திட்டு நின்னா அந்த விநாடிகள் அப்படியே பின்னால் சேர்ந்துடும். தண்ணீர் இடைவேளையிலயும் இரண்டாம் பாதி தொடங்கினதும் திரும்ப அளங்க. பாதி தொடங்குறப்ப 46:00 நல்ல அடையாளம்.

போன்ல ஸ்கோர் அறிவிப்பு தர்ற செயலி, குடும்பக் குழு, ஊர்க் குழு எல்லாம் இரண்டு மணி நேரம் ஊமையாக்கணும். வாட்ச்சில் அதிர்வு வர்றவர் கடைசி வரிசை.

தோஹா அறைவாசி | 19 மே 2026

எங்க பக்கம் வாட்ஸ்அப் அழைப்பே போகாதே.

உப்புக்காற்று | 19 மே 2026

அதான் முதல் நாளே தப்புன்னேன். அமீரகத்திலும் போகாது. அங்க போட்டிம் (Botim), ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் செயலிகள் அனுமதிக்கப்பட்டவை. விபிஎன் போடுன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, அங்க அது சட்டச் சிக்கல்.

இலவச ஜூம் 40 நிமிஷத்தில் துண்டிக்கும். முதல் பாதி முடியுறதுக்குள்ள, சரியா கார்னர் எடுக்கிறப்ப. மூணு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்தா இலவச மீட் 60 நிமிஷம். ஒரு பாதிக்கு ஒரு அழைப்புன்னு வச்சு இடைவேளையில் புதுசாத் தொடங்கினா சமாளிக்கலாம்.

அழைப்பைத் திரையோட ஒலிபெருக்கியில் போடாதீங்க. நம்ம சத்தம் அங்க போய், அங்கேருந்து திரும்பி வந்து ஊளையிடும். தனி போன், சின்ன ஸ்பீக்கர், பாயின் பின் ஓரத்தில். பேசாத ஊர் மைக்கை மூடி வைக்கணும்.

நம்ம செயலி இணைப்பை அவங்களுக்கு அனுப்பிப் பிரயோஜனம் இல்லை, உரிமம் நாட்டுக்கு நாடு வேற. அவங்கவங்க நாட்டுச் சந்தாதான்.

விநாடி ஒத்தே வரலைன்னா நேரடி அழைப்பை விட்டுட்டுக் குரல் பதிவுக்கு மாறுங்க. கோல் விழுந்து ஒரு நிமிஷம் கழிச்சு எல்லா ஊரும் ஒரே குழுவில் பதிவு போடட்டும். ஒரு நிமிஷத்துக்குள்ள யார் போட்டாலும் அடுத்த ஆட்டத்துக்கு டீ அவர் செலவு. பதிவுகளை இடைவேளையில் வரிசையாப் போட்டுக் கேட்கிறது நேரடி அழைப்பைவிட ரசமா இருக்கும்.

கீழக்கரைப் பத்து | 23 மே 2026

போன்ல இருந்து புரொஜக்டருக்கு காஸ்ட் பண்ணிப் பார்த்தேன். சத்தம் வருது, படம் கறுப்பு.

உப்புக்காற்று | 23 மே 2026

புரொஜக்டர் கெட்டுப் போகல. செயலியில் இருக்கிற நகல் தடுப்பு அப்படித்தான் செய்யும். போன் திரையை அப்படியே எதிரொளிச்சா படத்தை மறைச்சுடும். டிவியில் செருகுற ஸ்டிக்கோ செட்டாப் பாக்ஸோ வச்சு எச்டிஎம்ஐ வழியாக் கொடுங்க. விஜிஏ மட்டும் இருக்கிற பழைய புரொஜக்டர்னா, நடுவில் கன்வெர்ட்டர் போட்டாலும் இதே கறுப்புதான். வாடகைக்கு எடுக்கிறப்ப எச்டிஎம்ஐ இருக்கான்னு கேளுங்க.

பெட்டி புரொஜக்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். நீள எச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டரைத் தாண்டினா படம் வெட்டி வெட்டி வரும். ஆடியோ கேபிளைத்தான் நீளமா இழுக்கணும்.

உப்புக்காற்று | 24 மே 2026

கரண்ட். புரொஜக்டர் 300 வாட், பெட்டி, ரவுட்டர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 370 பக்கம். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒண்ணு இழப்பு போக ஏறக்குறைய 1200 வாட்-மணி தரும், மூணு மணி நேரம் தாங்கும். சாதாரண ஆட்டத்துக்கு இரண்டு மணி. எக்ஸ்ட்ரா டைம், பெனால்டின்னா மூணு மணியை நெருங்கும், இழுபறிதான். நாக்அவுட்டுக்கு இன்னொரு பேட்டரி. சைன்வேவ் இன்வெர்ட்டரா இருக்கணும், மத்ததில் ஸ்பீக்கர் வண்டு மாதிரி இரையும்.

ஜெனரேட்டர்னா நூறு அடி தள்ளி, காற்று போற திசையில். கச்சான் காலத்தில் அது வடகிழக்கு மூலை. தென்மேற்கில் வச்சா புகையும் சத்தமும் பாய் மேலதான் வரும்.

ஈர மணல் கரண்ட் கடத்தும். எக்ஸ்டென்ஷன் பெட்டி மணல்ல படக்கூடாது, கம்பில் இடுப்பு உயரத்துக்குத் தொங்க விடுங்க. முன்னாடி 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம். இதில் சிக்கனம் வேண்டாம்.

பல்பு வச்ச புரொஜக்டரை ஆட்டம் முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்காதீங்க. விசிறி தானா நிக்கிற வரைக்கும் விடணும். அப்புறம் லென்ஸ். கடற்கரையில் ஒரு ராத்திரிக்குள்ள உப்புப் படலம் வந்துடும். உலர்ந்த துணியால் தேய்ச்சா அந்த உப்பே கீறும். முதல்ல ஊதணும், அப்புறம் கண்ணாடி துடைக்கிற துணியை நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தி எடுக்கணும்.

தேவிபட்டினத்தான் | 30 மே 2026

சத்தத்துக்கு அனுமதி? யாரும் அதைப் பேசவே இல்லை.

உப்புக்காற்று | 31 மே 2026

நானும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி இரவு 10-லிருந்து காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாலு பக்கமும் மூடின மண்டபத்துக்கு விலக்கு உண்டு. 9.30 ஆட்டம்கூட அரை மணியில் 10-ஐத் தாண்டிடும். அதனால் கடற்கரைன்னா படம் மட்டும். வர்ணனை வேணும்னா கல்யாண மண்டபம். அங்க காற்று, மணல், விடியல் எந்தத் தொல்லையும் கிடையாது. இத்தனை நாள் எழுதினதில் பாதி அங்க தேவைப்படாது, அது வேற வருத்தம்.

என் கட்சி: ஊமைப் படமே போதும். ஃபுட்பாலுக்கு வர்ணனை அலங்காரம்தான். நாப்பது பேர் மூச்சு இழுக்கிறது கேட்டாலே எங்க பந்து இருக்குன்னு தெரியும். ஆனா அந்த நாப்பது பேர் கத்துறதும் தெருவில் தூங்குறவங்களுக்குச் சத்தம்தான். காவல் நிலையத்தில் எழுத்தில் ஒரு தகவல் கொடுத்துடுங்க. டிக்கெட், வசூல், கடை விளம்பரம் எதுவும் வேண்டாம். வீட்டுச் சந்தா வீட்டுக்குத்தான், காசு புழங்கினா உரிமம் வச்சிருக்கிறவங்ககிட்டத் தனியா வாங்கணும்.

தோஹா அறைவாசி | 2 ஜூன் 2026

டீ, வாடா பலகாரம் பத்தி யாரும் பேசலையே. நாங்க இங்க கண்ணால பார்த்துத்தான் வயிறு நிறைக்கணும்.

உப்புக்காற்று | 2 ஜூன் 2026

அம்பது பேருக்கு நூறு மில்லி கிளாஸ்னா ஐந்து லிட்டர் டீ. மூணு லிட்டர் பால், இரண்டரை லிட்டர் தண்ணீர் (கொதிச்சுக் குறையும்), தூள் 120 கிராம், சர்க்கரை 400. இறால் வாடா தலைக்கு இரண்டு. 35-வது நிமிஷத்தில் அடுப்பு பத்த வைக்கணும், காற்று மறைவில். தண்ணீர் இடைவேளையில் டீ கொடுக்கப் பார்க்காதீங்க, மூணு நிமிஷத்தில் முன்வரிசை தாண்டாது. ஜூலை 20 நள்ளிரவு 12.30 இறுதிப் போட்டிக்கு மட்டும் அவசரம் இல்லை, இடைவேளையில் கலைநிகழ்ச்சி வைக்கிறதா ஃபிஃபா அறிவிச்சிருக்கு.

கீழக்கரைப் பத்து | 9 ஜூன் 2026

சுவர் கிடைச்சுடுச்சு காக்கா, சுண்ணாம்பு ஒரு கை அடிச்சாச்சு. சைக்கிள் டியூப் எட்டு வாங்கி வச்சிருக்கேன், இப்ப அதை என்ன செய்றது?

உப்புக்காற்று | 9 ஜூன் 2026

14-க்கு மேற்கே பார்த்த திரை கட்டணும்ல, அதுக்கு வரும். சுவருக்கு இரண்டாவது கை நாளைக்கே அடிச்சுடுங்க, காய ஒரு பகல் வேணும். வியாழன் ராத்திரி 11 மணிக்கு ஒரு வெள்ளைப் படம் போட்டுச் சுவரைப் பாருங்க. எங்கயாவது பல்லி உட்கார்ந்திருந்தா முதல்ல அதை விரட்டுங்க. 12 அடிப் படத்தில் அது ஆளுயரத்துக்கு இருக்காது, ஆனா பந்தைவிடப் பெருசு.